ஆயுள் முழுவதும் ஒரு பத்தியம்





ரஜப் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், மத்ரஸாவில் சிறுமியருக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கரும்பலகையைப் பிடிக்க நீட்டிய கை அதை எட்டவில்லை. கண் விழித்தபோது பாயில் கிடந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்று அழுது கொண்டிருந்தார்கள். இதை எழுதும் இன்று ஷஅபான் பாதி கடந்துவிட்டது. இடைப்பட்ட இந்த நாட்களில் உணவைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைவிட என் நாவைப் பற்றிக் கற்றுக்கொண்டதே அதிகம். அதை மறைக்காமல் எழுதினால் யாரேனும் ஒருவருக்குப் பயன்படும் என்ற நிய்யத்துடன் எழுதுகிறேன்.

மயக்கம் அன்று திடீரென்று வந்ததன்று. நான்கு ஆண்டுகளாகவே எனக்கு இரத்தச்சோகை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குவேன். இரத்த அளவு சற்று ஏறும், பிறகு இறங்கிவிடும். "பெண்களுக்கு இது சகஜம்தானே" என்று எல்லோரும் சொன்னார்கள்; நானும் அதையே சொல்லிக்கொண்டேன். வயிற்று உப்புசமும் அடிக்கடி வரும் வாய்ப்புண்ணும் வேறு இருந்தன. அவற்றை ஒரு நோயின் அடையாளங்களாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆனால் என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று. தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழ முடியவில்லை. எழுந்தாலும் நீண்ட சூராக்களை ஓதி நிற்கக் கால்கள் இடம் தரவில்லை. பிறருக்கு ஈமானின் சுவையைப் பற்றி வகுப்பெடுப்பவள், தன் ஈமான் தேய்ந்து வருகிறது என்று அஞ்சினேன். சோம்பலை விட்டும் பாதுகாப்புத் தேடி துஆ கேட்டேன். அது சோம்பல் அல்ல, உடலில் இரத்தம் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

பலம் பெறுவதற்காக நானே ஒரு வைத்தியமும் செய்து கொண்டேன். தல்பீனாவின் சிறப்பு நம் வீடுகளில் பலருக்கும் தெரியும். வாற்கோதுமை மாவைப் பாலில் காய்ச்சித் தேன் கலந்து அருந்தும் கஞ்சி அது. நோயாளியின் உள்ளத்துக்கு அது ஆறுதல் தரும், கவலையைச் சிறிது போக்கும் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஓராண்டாகக் காலைதோறும் நான் அதைத்தான் குடித்து வந்தேன். மாணவியரின் தாய்மாரையும் குடிக்கச் சொன்னேன். இரவு உணவோ சப்பாத்தி. என் கணவருக்குச் சர்க்கரை நோய் வந்த ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் வீட்டில் இரவுச் சோறு நின்றுபோய்க் கோதுமை வந்துவிட்டது.

மயக்கம் போட்ட மறுநாள் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. திருநெல்வேலியில் குடல் நோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் என் நோய்களைக் கேட்பதற்கு முன் என் சாப்பாட்டைக் கேட்டார். சப்பாத்தி, தல்பீனா, மாலையில் தேநீருடன் ரஸ்க் என்று நான் அடுக்கியபோது எழுதிக்கொண்டே தலையசைத்தார். பிறகு இரத்தப் பரிசோதனை ஒன்றும், வாய் வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து மிகச் சிறிய சதைத் துணுக்கு எடுக்கும் சோதனை ஒன்றும் செய்யச் சொன்னார். முடிவு வந்தது: சீலியாக் நோய்.

அவர் எனக்கு விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. தமிழில் பசையம் என்பார்கள். மாவைப் பிசைந்தால் இழுபட்டு நீள்வதற்கும் பரோட்டா கிழியாமல் விசிறப்படுவதற்கும் அந்தப் பசையமே காரணம். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் இந்நோய் உள்ளவருக்கு அது குடலுக்குள் சென்றதும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்துகளை உறிஞ்சுவதற்காக அல்லாஹ் அமைத்திருக்கும் மெல்லிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு இரும்புச்சத்து விழுங்கினாலும் உடலில் சேராது. என் மாத்திரைகள் எல்லாம் எங்கே போயின என்பது அன்றுதான் விளங்கியது.

கோதுமையே முதன்மை உணவாக உள்ள வட இந்தியாவில் இந்நோய் கூடுதலாகவும் நம் பக்கம் குறைவாகவும் காணப்படுகிறது. அதனால் நம் பகுதியில் இதன்மீது எளிதில் சந்தேகம் விழுவதில்லை. இதற்கு மாத்திரை உண்டா என்று கேட்டேன். "உணவுதான் மருந்து. பசையம் உள்ள எதையும் இனி ஆயுள் முழுவதும் சாப்பிடக்கூடாது. ஒரு துண்டு பிஸ்கட்கூட வேண்டாம்" என்றார். இரத்த அளவு தேறும்வரை நஃபிலான நோன்புகளை நிறுத்தி வைக்கும்படியும், ரமலான் நோன்பு குறித்து அதற்கு முன் வந்து பார்க்கும்படியும் சொன்னார்.

நாங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். திருநெல்வேலிக்குப் போனால் அல்வா வாங்காமல் திரும்புவதில்லை. அன்றும் பேருந்து நிலையத்தில் என்னை அமர வைத்துவிட்டு என் கணவர் பழக்கத்தில் அல்வாக் கடையை நோக்கி நடந்தார். சற்று நேரத்தில் வெறுங்கையுடன் திரும்பி வந்து பக்கத்தில் அமர்ந்தார். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கிண்டுவதுதான் அந்த அல்வா என்பது வரிசையில் நின்றபோதுதான் அவருக்கு நினைவு வந்ததாம். "பிள்ளைகளுக்காவது வாங்கியிருக்கலாமே" என்றேன். "தோணல" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஊர் வந்து சேரும்வரை நாங்கள் பேசவில்லை.

முதல் வாரம் முழுவதும் சமையலறையைச் சுத்தம் செய்வதிலேயே கழிந்தது. சப்பாத்தி இட்ட தோசைக்கல்லில் எனக்குத் தோசை வார்க்கக்கூடாது. பூரி பொரித்த எண்ணெயில் எனக்கு அப்பளம் பொரிக்கக்கூடாது. மரப்பலகையின் கீறல்களில் மாவு தங்கியிருக்கும். ஆகவே எனக்கென ஒரு தோசைக்கல்லும் ஒரு கரண்டியும் ஒரு சல்லடையும் வாங்கி உயரத் தட்டில் தனியே வைத்தோம். அரிசி மாவை மில்லில் அரைத்து வாங்கும் வழக்கத்தையும் விட்டேன். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அடுத்து என் அரிசியும் விழும் அல்லவா? இப்போது மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்துச் சலித்துக் கொள்கிறேன்.

அல்ஹம்துலில்லாஹ், நம் உணவில் நமக்குக் கிடைத்திருக்கும் விசாலத்தை அப்போதுதான் உணர்ந்தேன். சோறு, இட்லி, தோசை, இடியப்பம், ஆப்பம், புட்டு, அரிசி ரொட்டி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, எல்லாப் பருப்புகளும், மீன், இறைச்சி, முட்டை, பால், காய்கனி ஆகிய எதிலும் இயல்பாகவே பசையம் இல்லை. இழந்தவை சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட், சமோசா ஆகியவைதாம். எண்ணிப் பார்த்தால் உள்ளவற்றின் பட்டியலே நீளமானது.

மறைந்திருப்பவைதாம் சிரமம் தந்தன. கடைகளில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்தே வருகிறது. வாற்கோதுமையிலிருந்து எடுக்கும் மால்ட், சத்துப் பானங்களிலும் சில மிட்டாய்களிலும் இருக்கிறது. சீன உணவுக்கு ஊற்றும் சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை இல்லாவிட்டாலும், அறுவடையிலும் ஆலையிலும் அது கலந்துவிடுகிறது. இங்கே ஒரு முஸ்லிம் குடும்பத்தலைவிக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறது. ஜெலட்டின் உண்டா, விலங்குக் கொழுப்பு உண்டா என்று உறையைத் திருப்பிப் படித்துப் பழகிய கண்கள் நம்முடையவை. அதே கண்களால் இன்னும் இரண்டு வரி கூடுதலாகப் படிக்கிறேன், அவ்வளவே. நம் நாட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று ஓர் உணவின் உறையில் அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று விதி உள்ளது.

வீடு ஒழுங்குக்கு வந்தது. உள்ளம் வரவில்லை. தல்பீனா மாவு இருந்த டப்பாவை யாருக்கேனும் கொடுத்துவிடலாம் என்று எடுத்தவள், அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வாற்கோதுமை ரொட்டி நபி (ஸல்) அவர்களின் இல்லத்து உணவு. அதைப் பற்றி எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! அவர்கள் உண்ட உணவு என் உடலுக்குத் தீங்கு என்று ஒரு மருத்துவர் சொல்கிறார். அதை நான் ஏற்கிறேன். இதில் ஏதேனும் அடாத துணிச்சல் இருக்கிறதோ என்று மனம் கூசியது. யாரிடமும் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

பதில் என் பழைய பாடக் குறிப்பேட்டிலேயே இருந்தது. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி. அவர்களின் வீட்டில் பேரீச்சங்குலை தொங்கிக் கொண்டிருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதிலிருந்து உண்டார்கள். உடன் வந்த அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, நோயிலிருந்து இப்போதுதான் தேறியிருக்கிறீர் என்று சொல்லி நபியவர்கள் அவர்களைத் தடுத்துவிட்டார்கள். பிறகு கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்த உணவு வந்தபோது, இதை உண்ணும், இதுவே உமக்கு ஏற்றது என்று சொன்னார்கள்.

எத்தனையோ முறை ஓதிக் கொடுத்த ஹதீஸ்தான். ஆனால் நோயாளியாக அதைப் படித்தபோது கண்ணில் பட்டது வேறு. பேரீச்சம்பழத்தின் சிறப்பை நமக்குச் சொன்னவர்களே, அதே பழத்தை, அதே இடத்தில், தாம் உண்டு கொண்டிருக்கும்போதே, ஒருவருக்கு மட்டும் வேண்டாம் என்றார்கள். பழத்தின் சிறப்பு அதனால் குறையவில்லை. அலீயின் மதிப்பும் குறையவில்லை. அந்த உடலுக்கு அந்த வேளையில் அது ஏற்றதன்று, அவ்வளவே. அலீ (ரலி) அவர்களுக்கு ஏற்றது வாற்கோதுமை. எனக்கு ஏற்றது அதைத் தவிர்ப்பது. உணவுப் பொருளில் மட்டும் சுன்னத்தைத் தேடிக் கொண்டிருந்த எனக்கு, உடலுக்கேற்பத் தவிர்ப்பதிலும் அது இருப்பது விளங்கியது. டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நான் தல்பீனா குடிக்கச் சொன்ன தாய்மார்கள் குடிக்கட்டும். அவர்களுக்கு அதில் தடையில்லை.

இனி, சொல்வதற்குக் கூச்சமான பகுதிக்கு வருகிறேன்.

நான் மயங்கி விழுந்த செய்தி தெருவுக்கே தெரிந்துவிட்டது. நம் ஊர்ப் பெண்கள் நோயாளியை வெறுங்கையுடன் பார்க்க வருவார்களா? ரொட்டி வந்தது, கேக் வந்தது, பாலூற்றிய சேமியா வந்தது. குளூட்டன் என்று விளக்க முயன்றேன். "அது என்ன மாத்திரையா?" என்று கேட்டார் ஒரு மாமி. "கோதுமையில் அப்படி என்ன இருக்கு, அல்லாஹ் கொடுத்த ரிஸ்குதானே" என்றார் மற்றொருவர். நான்காவது நாளுக்கு மேல் விளக்கம் சொல்லும் பொறுமை போய்விட்டது. "இப்போதுதான் சாப்பிட்டேன், வயிறு நிறைந்திருக்கிறது" என்று சொல்லத் தொடங்கினேன். வயிறு நிறைந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் உம்மா வீட்டுக்குப் போனேன். உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. மகள் இளைத்துவிட்டாள் என்று முட்டையும் நெய்யும் ரவையும் சேர்த்துத் தம்மடை செய்து வைத்திருந்தார். முழங்கால் வலியுடன் அடுப்படியில் நின்று செய்த பண்டம். தட்டில் வைத்து நீட்டியபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு துண்டுதானே என்று உண்டேன். அன்றிரவு வயிற்று வலியும் மறுநாள் பேதியும் என்னைப் பாயோடு பாயாக்கின. மத்ரஸாவுக்குப் போகவில்லை. உம்மாவிடம் காரணத்தையும் சொல்லவில்லை.

அதன்பின் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி யார் கொடுத்தாலும் உண்பதில்லை. ஆனால் உண்மையைச் சொல்லி மறுக்கவும் துணிவில்லை. அப்போது நாவில் தானாக வந்து அமர்ந்தது ஒரு சொல்: "நோன்பு வைத்திருக்கிறேன்." திங்களும் வியாழனும் நான் நோன்பு நோற்பவள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே நம்பினார்கள். அதற்கு மேல் ஒருவரும் வற்புறுத்தவில்லை. "எங்களுக்கும் துஆ செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நோன்பு நோற்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்த நாட்களில், நோன்பாளி என்று பெயர் வாங்கிக் கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை. பாடம் முடியும் வேளையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டுகளை எடுத்து என்னிடம் நீட்டினாள். தனக்கு மூன்று கொடுத்தார்களாம்; ஒன்றைத் தின்றுவிட்டு மற்றவற்றை எனக்காக வைத்திருந்தாளாம். "உஸ்தாபிக்கு இன்றைக்கு நோன்பும்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பிஸ்கட்டைத் திரும்பப் பையில் வைத்துக் கொண்டாள்.

அரை மணி நேரம் சென்றிருக்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டு ஒரு குவளைத் தண்ணீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் அவள். விட்டுப்போன குடையை எடுக்க வந்தவள்.

"உஸ்தாபி, நீங்க மறந்து குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். மறந்து குடித்தால் நோன்பு முறியாது என்று சென்ற மாதம் நான் தான் கற்றுக் கொடுத்திருந்தேன். எனக்கு ஒரு வழியை அவளே திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் மகிழ்ந்து போயிருப்பாள். முதல் பொய்க்குக் காவலாக இரண்டாவது பொய்யும் முடிந்திருக்கும்.

அந்த நொடியில் என் நினைவுக்கு வந்தது அபூதாவூதில் உள்ள இன்னொரு நிகழ்ச்சி. ஒரு தாய், 'வா, ஒன்று தருகிறேன்' என்று தன் சிறுவனை அழைக்கிறார். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினாய் என்று கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரிக்கிறார்கள். ஒரு பழத்தின் பெயரால் குழந்தையிடம் பேசுவதற்கே அவ்வளவு கணக்கு என்றால், ஓர் இபாதத்தின் பெயரால் பேசியவளுக்கு என்ன கணக்கு?

அவளை அருகில் அழைத்து அமர வைத்தேன். "மறக்கவில்லை. எனக்கு இன்று நோன்பே இல்லை. உஸ்தாபி உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்" என்றேன். குரல் உடைந்தது. என் குடலில் ஒரு நோய் இருப்பதையும் கோதுமைப் பண்டம் எனக்கு ஆகாது என்பதையும் சொன்னேன். அவள் சிறிது நேரம் யோசித்தாள். "அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள். நாற்பத்து நான்கு வயதில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மறுவகுப்பில் பிள்ளைகள் அனைவரிடமும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "உங்களுக்காக நாங்க துஆ கேக்கணுமே, நீங்க நோன்பாளின்னு உங்ககிட்டயில்ல துஆ கேட்டோம்" என்றார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது, உறுத்தட்டும்.

கடைசியாக உம்மாவிடம் போனேன். குளூட்டன் என்ற சொல்லை விட்டுவிட்டு, "உம்மா, டாக்டர் எனக்குப் பத்தியம் சொல்லியிருக்கிறார். கோதுமை, மைதா, ரவை ஆகாது" என்றேன். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பிள்ளைப்பேற்றுப் பத்தியமும் அம்மைப் பத்தியமும் காமாலைப் பத்தியமும் பார்த்து வளர்ந்தவர் அவர். எவ்வளவு கட்டுப்பாடு, எதில் எது சேரக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு நான் கற்றுத் தர வேண்டியதில்லை. "எத்தனை நாளைக்குப் புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

"ஆயுசுக்கும் உம்மா."

அவர் பேசவில்லை. பிறகு, "அன்னைக்குத் தம்மடை தின்னியே?" என்றார். தலையைக் குனிந்து கொண்டேன். "வலிச்சுதா?" என்றார். ஆம் என்றேன். "சொல்ல வாய் இல்லையா உனக்கு? நான் பெத்த புள்ளைக்கு நானே வலியைக் கொடுத்திருக்கேனே" என்று அழுதார். மறுத்தால் அவர் மனம் புண்படும் என்று நினைத்தே உண்டேன். உண்மையில் அவரைப் புண்படுத்தியது நான் உண்டதும் மறைத்ததும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பச்சரிசி மாவில் தம்மடை செய்து பார்த்தார். கத்தி வைத்ததும் உதிர்ந்துவிட்டது. பிடித்துக் கட்டுவதற்குப் பசையம் இல்லையல்லவா? இரண்டு முட்டை கூட்டி, மாவைப் பாலில் ஊறவைத்து மறுபடி செய்தார். முன்னதுபோல் இல்லை, ஆனால் துண்டாக நின்றது. "இந்தப் பக்குவத்தைப் பார்த்து வெச்சுக்கோ. எனக்குப் பொறவு யாரு செஞ்சு தருவா?" என்றார். இப்போது வெள்ளிதோறும் அவருடன் அடுப்படியில் நிற்கிறேன்.

சொல் விஷயத்தில் இன்னொன்றும் கற்றேன். "கோதுமை எனக்கு ஹராம்" என்று வேடிக்கையாகச் சிலமுறை சொல்லிவிட்டேன். அதையும் நிறுத்தினேன். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. அத்தஹ்ரீம் சூராவின் தொடக்கம் பேசுவது அதைத்தானே! கோதுமை தூய்மையான உணவு. எனக்கு ஆகாத உணவு. 'ஆகாது' என்ற சொல்லைத் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும்போது வேறு சொல் எதற்கு?

சென்ற வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணம். நம் ஊரில் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்பதுதான் வழக்கம். களரிக் கறியும் சோறும் எனக்குத் தடையில்லை. ஆனால் உடன் அமர்பவர் முன்னதாக ரொட்டியைப் பிட்ட கையுடன் சோற்றைப் பிசைந்தால் அதுவே எனக்குத் தீங்கு. தனித்தட்டில் உண்டால் பெருமைக்காரி என்பார்களே என்று முன்பு அஞ்சியிருப்பேன். அன்று அமர்வதற்கு முன்பே, "எனக்குப் பத்தியம், இந்தச் சஹனில் மாவுப் பண்டம் வேண்டாம்" என்று சொன்னேன். என் ராத்தா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து அமர்ந்தார். பக்கத்திலிருந்த மாமி தம் முன்னிருந்த சமோசாவை அடுத்த சஹனுக்கு நகர்த்தினார். பேச்சு மணமகளைப் பற்றித் திரும்பியது. நான் இத்தனை நாட்கள் அஞ்சியது இவ்வளவுக்குத்தான்.

இந்த நோய்க்கு உணவே காரணம் என்று நிறுவியவர் வில்லெம் கரேல் டிக்கே என்னும் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். கோதுமைமீது அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரினால் அந்நாட்டில் கொடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமல் போனது. பிறர் பசியால் வாடிய அந்நாட்களில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் நலிந்தார்கள். 1950-இல் அவர் தம் ஆய்வேட்டை அளித்தார். ஊரே துன்பம் என்று கண்ட ஒன்றுக்குள் சில குழந்தைகளின் உயிரை அல்லாஹ் வைத்திருந்தான் என்று எண்ணிக்கொள்கிறேன்.

சகோதரிகளே, உங்களுக்குச் சில வேண்டுகோள்கள். மாத்திரை உண்டும் தீராத இரத்தச்சோகை, காரணம் தெரியாத வயிற்றுக் கோளாறு, வளர்ச்சி குன்றும் குழந்தை ஆகிய எதையும் 'சகஜம்' என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் சந்தேகம் வந்ததும் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் அவர்களும் சோதித்துக் கொள்வது நல்லது. நோய் இல்லாதவர் இதைப் பார்த்து உணவைக் கைவிட வேண்டியதும் இல்லை. உங்கள் வீட்டுக்கு வரும் நோயாளி ஒன்றை வேண்டாம் என்றால், ஒருமுறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். உங்கள் அன்பு அவரைப் பொய் சொல்ல வைத்துவிடக்கூடும்.

என் மகனுக்கு இந்நோய் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. மகள் நேற்றுத்தான் இரத்தம் கொடுத்திருக்கிறாள். எனக்கு இரத்த அளவு 9.4-க்கு ஏறியிருக்கிறது. குடல் முழுமையாகத் தேறப் பல மாதங்கள் ஆகும் என்கிறார்கள். ரமலானில் நோன்பு நோற்க மருத்துவர் அனுமதித்தால் மகிழ்வேன். தேறும்வரை பொறுக்கச் சொன்னால் சலுகையை ஏற்றுப் பின்னர் கழாச் செய்வேன், இன்ஷா அல்லாஹ். இரண்டில் எதுவானாலும், "நோன்பா?" என்று கேட்பவருக்கு உள்ளதையே சொல்வேன்.

சென்ற வியாழக்கிழமை அந்தச் சிறுமி ஒரு சிறு டப்பாவைக் கொண்டு வந்தாள். உள்ளே கடலை மிட்டாய். "உம்மாகிட்ட கேட்டுட்டேன் உஸ்தாபி, வேர்க்கடலையும் வெல்லமும் மட்டும்தானாம்" என்றாள். பிஸ்மில்லாஹ் சொல்லி அவள் முன்னிலையிலேயே ஒன்றை எடுத்து உண்டேன்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! நம் உடல்களை அமானிதமாகப் பேணவும், நம் நாவுகளைப் பொய்யை விட்டுக் காக்கவும் தவ்ஃபீக் செய்வானாக! எனக்காகவும் என் மகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.

ஆமீன். வஸ்ஸலாம்.